பொட்டு வைத்த பேட்டரி

என் மேசை இழுப்பறையில் ஒரு குங்குமச் சிமிழ் இருக்கிறது. உள்ளே குங்குமம் இல்லை. ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வட்டப் பேட்டரி இருக்கிறது. அதன் ஒரு பக்கம் பச்சையாகப் பூத்து, மயில்துத்தத்தில் முக்கி எடுத்தது போல் இருக்கும். மறுபக்கத்தில் சந்தனமும் குங்குமமும் ஒரு வருஷத்துப் பொட்டின் மேல் அடுத்த வருஷத்துப் பொட்டாக ஏறி, காய்ந்து, வெடித்து, ஒரு சின்ன மேடாக நிற்கின்றன. கோட்டக்குப்பத்துப் பள்ளிவாசல் தெருவில் குடியிருப்பவன் இழுப்பறைக்குள் இது எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறேன். மச்சானிடம் பழங்காலத்துக் காசு என்றேன். அவர் பூதக்கண்ணாடி எடுத்து வந்து எந்த ராஜா என்று தேடினார். பக்கத்து வீட்டுக்காரரிடம் சர்க்கரை நோய்க்கான மாத்திரை, ஆயுளுக்கு ஒன்று போதும் என்றேன். எங்கே கிடைக்கும் என்று ஒரு வாரம் விடாமல் கேட்டார். உண்மையான பதில் கொஞ்சம் நீளம். அதில் நான் கோமாளியாக வருகிறேன். அது எனக்குப் பழகிய வேஷம்தான். ஆனால் அந்தக் கதையில் சிரிக்காத ஒருவர் இருக்கிறார். அவருக்காகத்தான் இத்தனை நாள் சொல்லாமல் இருந்தேன்.

எங்கள் தெருவில் மீசை முளைத்த ஆண்பிள்ளை என்றால் துபாயிலோ தோஹாவிலோ இருப்பான். நான் மட்டும் ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியைப் படித்துவிட்டு, விமானம் ஏறப் பயந்து, மரக்காணத்துக்குப் பேருந்து ஏறினேன். அங்கே சிறு குத்தகைக்காரர்களிடம் உப்பு வாங்கி வெளியூருக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்தின் யார்டு இருந்தது. லாரி முதலில் வெறும் வண்டியாக எடை மேடையில் ஏறும். எடை கம்ப்யூட்டரில் பதியும். பிறகு உப்பு ஏற்றிக்கொண்டு மறுபடி ஏறும். கம்ப்யூட்டர் சென்னையில் இருக்கும் தலைமை அலுவலகத்தைக் கேட்கும். அங்கிருந்து ஓர் அனுமதி எண் வரும். அந்த எண் அச்சான சீட்டைக் காட்டினால்தான் யார்டின் கதவு திறக்கும். இதையெல்லாம் செய்தது ஒரு ஜாவா அப்ளிகேஷன். அது குடியிருந்த சர்வர், எடை அறைக்குப் பின்னால் ஓர் இரும்பு பீரோவின் அடித்தட்டில் உட்கார்ந்திருந்தது. சர்வர் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வரி: அது ஹோட்டலின் சமையற்கட்டு. நாம் மேசையில் உட்கார்ந்து கேட்பது உள்ளே போய் வெந்து தட்டில் வரும். வராவிட்டால் உள்ளே போய் எந்த அடுப்பு அணைந்தது என்று பார்ப்பது என் உத்தியோகம். மரக்காணத்தில் அதைவிடப் பெரிய உத்தியோகம், உப்புக் காற்றோடு சண்டை போடுவது. அது திருகாணியைத் தின்னும், வயர் முனையைத் தின்னும், ஒருமுறை என் இடுப்பு பெல்ட்டின் கொக்கியையே தின்றுவிட்டது. அது விட்டுப் போனதும் எடை மேடையில் வைத்துத்தான். அதைப் பற்றி மேலும் எழுதப் போவதில்லை.

யார்டின் மேனேஜர்தான் நான் சொல்ல வந்த மனிதர். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டையின் காலருக்கு உள்ளே கைக்குட்டை மடித்து வைத்திருப்பார். சிரித்துப் பார்த்ததில்லை. நான் சொல்லும் ஜோக்குகளை, வேறு ஏதோ பொருள் கேட்டதற்குக் கடைக்காரன் தவறாக எடுத்துக் கொடுத்தது போல ஒரு கணம் பார்த்துவிட்டு ஒதுக்கிவிடுவார். மனைவி பல வருஷங்களுக்கு முன்பே இறந்துவிட்டார் என்பதை லாரி டிரைவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மகனுக்குத் திண்டிவனத்தில் ஒரு கடையில் வேலை. அதனால் மேனேஜர் சாப்பிடுவது, குளிப்பது, படுப்பது எல்லாம் யார்டில்தான். அவர் வாயில் அடிக்கடி வந்தது ஒரே வாக்கியம்: "எடை மேடைல வண்டி நிக்கக் கூடாது பாய். வண்டி நின்னா எனக்கு நெஞ்ச அடைக்குது." என் வாயில் அடிக்கடி வந்ததும் ஒரே வாக்கியம்தான்: "பத்து நிமிஷம் சார், இன்ஷா அல்லாஹ்." இந்த இரண்டு வாக்கியங்களுக்கு இடையில்தான் நாங்கள் வருஷக்கணக்கில் வேலை பார்த்தோம்.

ஆயுத பூஜை அன்று அந்த யார்டுக்கு அவரே அர்ச்சகர். மண்வெட்டி, கூடை, லாரியின் முகவிளக்கு, எடை காட்டும் பலகை, பிரிண்டர் என்று ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும் வைப்பார். கடைசியில் சர்வர். மற்ற அலுவலகங்களில் பெட்டியின் மேல் ஒரு பூவை வைத்துவிட்டுப் பொரி தின்னப் போய்விடுவார்கள். இவர் அப்படி இல்லை. அப்ளிகேஷனை முதலில் நிறுத்தி, பிறகு மெஷினை முறையாக அணைத்து, அதோடும் விடாமல், ப்ளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி ஒயரைச் சுருட்டி மேலே வைத்துவிட்டுத்தான் கற்பூரம் ஏற்றுவார். எதற்கு இவ்வளவு என்று ஒருமுறை கேட்டேன். "உள்ள கரண்ட் ஓடிகிட்டே இருந்தா அது தூங்குதுன்னு எப்படிச் சொல்றது? வருஷம் பூரா கண்ணு மூடாம முழிச்சிகிட்டு இருக்குது பாய். ஒரு ராத்திரியாவது முழுசா வுடு" என்றார். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. வீட்டில் சொல்லிச் சிரித்தேன். மறுநாள் விஜயதசமி காலையில் அவர் ப்ளக்கைச் செருகுவார், பொத்தானை அமுக்குவார், சர்வர் ஒரு கொட்டாவி விட்டு எழுந்துகொள்ளும். ஒவ்வொரு வருஷமும் எழுந்தது.

கரண்ட் இல்லாத அந்த ஓர் இரவில் அது தேதியை மறக்காமல் இருந்ததற்குக் காரணம், உள்ளே இருந்த இந்த வட்டப் பேட்டரி. நான் சொல்லும் வருஷத்தில் உப்புக் காற்று இதைத் தின்று முடித்திருந்தது. உங்களுக்கு இப்போதே தெரிந்துவிட்டது. அன்றைக்கு எனக்குத் தெரிய அரை நாள் ஆயிற்று.

அந்த விஜயதசமி காலையில் முதலில் ஏற்ற வேண்டிய உப்பு ஓர் அக்காவுடையது. பிறர் பாத்திகளில் கூலிக்கு உப்பு வாரிக்கொண்டிருந்தவர், முதல் தடவையாகத் தன் பேரில் குத்தகை எடுத்து விளைவித்த வருஷம் அது. பருவத்தின் கடைசி உப்பு முழுவதும் ஒரே குவியலாக நின்றது. நல்ல நாள், முதல் மூன்று வண்டியும் உன்னுடையது என்று மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். அதை நம்பி அக்கா முந்தின நாள் மாலையே குவியலின் மேல் மூடியிருந்த கீற்றைப் பிரித்துவிட்டார். பழைய கீற்று, பிரித்ததும் பொடிந்து போய்விட்டது. மறுபடி போர்த்த உதவாது. அந்த யார்டில் ஒரு விதி உண்டு. எடை போட்டுச் சீட்டு அடிக்கும்வரை உப்பு குத்தகைக்காரருடையது; மழையில் கரைந்தால் அவர் தலையில். சீட்டு அடித்த பிறகுதான் கம்பெனியுடையது. இன்னொரு விதி கேட்டிலேயே ஒட்டப்பட்டிருந்தது: சீட்டு இல்லாமல் உப்பு வெளியே போனால் அது திருட்டு, அனுப்பியவருக்கு வேலை இல்லை. முன்னொரு காலத்தில் ஏதோ களவு நடந்து, அதன் பிறகு வந்த விதி.

காலையில் மேனேஜர் போன் செய்தார். சர்வர் எழுந்துவிட்டது, திரையும் வந்துவிட்டது, வண்டி எண்ணைப் போட்டால் மட்டும் சுற்றிச் சுற்றிவிட்டு இங்கிலீஷில் ஒரு பக்கம் திட்டுகிறது என்றார். நான் பைக்கில் கிளம்பினேன். வழியெல்லாம் கடலின் பக்கம் மேகம் கத்தரிக்காய்த் தோல் நிறத்தில் ஏறிக்கொண்டிருந்தது. யார்டில் மூன்று லாரிகள் காலியாக வரிசையில் நின்றன. குவியல் திறந்து கிடந்தது. அதன் அருகில் அக்காவும், கூடையோடு வந்திருந்த பெண்களும்.

பதற்றம் வந்தால் எனக்கு விரல்கள் ஓடும். மூளை பின்னால் நடந்து வரும். சர்வர் தனக்கு நேர்வதையெல்லாம் தேதிவாரியாகக் கோப்புகளில் எழுதி வைக்கும் பழக்கம் உள்ளது. அன்றைய தேதியிட்ட கோப்பைத் தேடினேன். இல்லை. "சார், இது வாயே தொறக்க மாட்டேங்குது" என்று அறிவித்தேன். உண்மையில் அது வாய் ஓயாமல் எழுதிக்கொண்டுதான் இருந்தது. பல வருஷங்களுக்கு முந்தைய தேதியிட்ட கோப்பில், பட்டியலின் மறுகோடியில். நான் அந்தக் கோடிக்குப் போகவே இல்லை. எழுத இடமில்லையோ என்று பழைய கோப்புகளை அழித்தேன். ஜாவாவுக்கு நினைவகம் போதவில்லையோ என்று கூட்டிக் கொடுத்தேன். கூட்டியதில் ஒரு நிதானம் வேண்டாமா? அந்த மெஷினில் மொத்தமாக இருந்ததைவிடக் கூடுதலாக எழுதி வைத்தேன். அடிப்பிடித்த பிரியாணியை எலுமிச்சம்பழம் பிழிந்து சரிசெய்யப் பார்க்கும் சமையல்காரன் வேகம். சர்வருக்குக் கதவு எண் மாதிரி ஒன்று உண்டு, போர்ட் எண்; அதையும் மாற்றினேன். அதுவரை திரையாவது வந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு அதுவும் வரவில்லை. ஒரு நோயோடு வந்தவனை மூன்று நோயோடு படுக்க வைத்திருந்தேன்.

அக்கா எடை அறையின் வாசலில் வந்து நின்றார்.

"இன்னா தம்பி, பொட்டி எழுந்துக்குமா எழுந்துக்காதா?"

"பத்து நிமிஷம்க்கா, இன்ஷா அல்லாஹ்."

"அல்லா மேல முழு பாரத்தையும் போட்டுட்டு நீ கைய வீசிகிட்டு இருக்காத பாய்" என்றார் மேனேஜர். "நீயும் ஒரு பக்கம் புடி."

அக்கா அவர் பக்கம் திரும்பினார். "நேத்து நல்லாத்தானே சார் ஓடிகிட்டு இருந்துச்சு? அத எதுக்கு சார் அமத்தினீங்க?"

"வருஷம் பூரா ஒழைக்குதும்மா. ஒரு நாளு ஓய்வு குடுக்க வாணாமா?"

"எனக்கு எந்த நாளு சார் ஓய்வு குடுத்தீங்க?"

வாசலில் நின்ற ஒரு டிரைவர் சிரிக்க ஆரம்பித்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டார். மேனேஜர் காலருக்குள் இருந்த கைக்குட்டையை எடுத்துப் பிரித்து, மறுபடி அதே மடிப்பில் மடித்து வைத்தார். தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். அங்கே ஒரு குரல், சிஸ்டம் வந்ததும் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு வைத்தது. இங்கே மழை வருகிறது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது வைத்த பிறகும் கொஞ்ச தூரம் போனது.

எல்லாம் தோற்றவன் கடைசியில் செய்வதைச் செய்தேன்: மெஷினையே ஒருமுறை அணைத்துப் போட்டேன். அது மெதுவாக எழுந்து, பாஸ்வேர்டு கேட்கும் திரையைக் காட்டியது. அந்தத் திரையில் மணியும் தேதியும் திருமணப் பத்திரிகையில் மணமகன் பெயர் அளவுக்குப் பெரிய எழுத்தில் இருக்கும். காலையிலிருந்து எத்தனையோ தடவை அந்தத் திரையைக் கடந்திருக்கிறேன். ஒரு தடவையும் கண் அதில் நிற்கவில்லை. மேனேஜர் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"பாய், இது இன்னா தேதி?"

"பாஸ்வேர்டு போடணும் சார், கொஞ்சம் இருங்க."

"தேதியப் படிய்யா."

படித்தேன். ஜனவரி முதல் தேதி. வருஷம், நான் அந்த யார்டின் பெயரையே கேள்விப்பட்டிராத காலத்தது. அவர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் பேசினார்; என்னிடம் பேசியது போல் இல்லை.

"அந்தப் புது வருஷத்துக்குப் பெருமுக்கல் மலைக்குப் போனோம். அவளும் நானும். பாதி மலையில உக்காந்துட்டா. மூச்சு வாங்குதுங்க, கொஞ்சம் இருங்கன்னா. எடை மேடைல வண்டி நிக்குது, எழுந்துருடின்னேன். எழுந்து வந்தா. அந்த ஆடியில போய்ச் சேந்துட்டா."

இதற்கு மேல் ஒரு மனிதர் எதுவும் சொல்ல முடியாது. கேட்டவனும் எதுவும் சொல்லக் கூடாது. நான் என்ன செய்தேன் தெரியுமா? நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து, இரண்டு கையையும் மேலே தூக்கி, "கண்டுபுடிச்சிட்டேன் சார்" என்றேன். அவர் தன் மனைவியின் சாவைச் சொல்லி முடித்த அதே மூச்சில். இன்றைக்கும் தனியாக இருக்கும்போது அந்தக் கைகள் நினைவுக்கு வந்தால் அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் திண்டாடுகிறேன்.

கண்டுபிடித்தது உண்மைதான். தலைமை அலுவலகத்தோடு சர்வர் பேசும் வழி பூட்டுப் போட்டது. எதிர்முனையில் இருப்பவர் சரியான ஆள்தானா என்பதற்கு ஒரு சான்றிதழ் வரும்; அது எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும். பேட்டரி செத்ததால் எங்கள் சர்வர் பழைய ஜனவரியில் கண் விழித்திருந்தது. அதன் கணக்கில் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. பிறக்காதவரோடு யார் பேசுவார்கள்? அது கதவைச் சாத்திக்கொண்டது. நியாயமான சர்வர்.

"தேதிய மாத்தினாப் போதும். பத்து நிமிஷம் சார்."

மேனேஜர் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். காலி லாரிகள், திறந்த குவியல், அதன் பக்கத்தில் இடுப்பில் கை வைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா. பிறகு எழுந்தார். "உன் பத்து நிமிஷம் எனக்குத் தெரியும் பாய்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வாசலுக்குப் போய் அவர் போட்ட சத்தம் கடல்வரை கேட்டிருக்கும்.

"ஏம்மா, ஆளுங்களக் கூப்புடு. டேய், வண்டிய ஒண்ணொண்ணா மேடைல ஏத்தி எறக்கி குவியல்கிட்ட வுடு. பலகைல வர்ற எடைய நான் கையில எழுதிக்கிறேன்."

"சீட்டு சார்?" என்றார் இருமிய டிரைவர்.

"என் கையெழுத்து இருக்குது."

"கேட்டுல நோட்டீஸ் ஒட்டியிருக்குதே சார்."

"ஒட்டினவனே நான்தான். போ."

அவர் சொன்னதுதான் சரி. என் பத்து நிமிஷம் பத்து நிமிஷமாக இல்லை. தேதியை மாற்றக் கண் இமைக்கும் நேரம்தான் ஆனது. ஆனால் சர்வர் எழவில்லை. இல்லாத நினைவகத்தைக் கேட்டு எழுதி வைத்திருந்தேனே, ஜாவா அதைப் பார்த்துவிட்டுப் படுத்தே இருந்தது. அதைச் சரிசெய்தால், மாற்றிய போர்ட் எண் பிரிண்டரோடு முட்டிக்கொண்டு நின்றது. பழைய எண் என்னவென்று பதற்றத்தில் மறந்து போயிருந்தது. என் வைத்தியத்தையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துக்கொண்டிருந்தபோது ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் மேல் முதல் துளிகள் விழுந்தன. பிறகு துளிகளாக விழவில்லை. திரையில் எங்கள் அப்ளிகேஷன் பளிச்சென்று வந்து வண்டி எண்ணைக் கேட்டபோது, வெளியே மழையில் கேட் இருக்கும் இடமே தெரியவில்லை.

இரண்டு வண்டிகள் நிறைந்து, தார்ப்பாய் கட்டி, வெளியே போயிருந்தன. மூன்றாவது பாதியில் நின்றது. பாதியோடு அதையும் மூடி அனுப்பினார். மீதிக் குவியல் நின்ற இடத்திலேயே இறங்கியது. உப்பு கரைவது ஒரு கூரை சரிவது மாதிரி சத்தம் போடாது. விளிம்பு சாம்பல் நிறமாகும், நடுவில் குழி விழும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே உயரம் குறையும், வாய்க்காலில் வெள்ளையாக ஓடும். அக்கா கடைசியாக வாரிய கூடையைத் தலையில் வைத்தபடி, லாரியும் போய்விட, முன்னாலும் போகாமல் பின்னாலும் திரும்பாமல் நின்றார். கூடையிலிருந்து உப்புத் தண்ணீர் அவர் முகத்தில் வழிந்துகொண்டே இருந்தது. அவர் அதைத் துடைக்கவும் இல்லை, கூடையை இறக்கவும் இல்லை. மேனேஜர்தான் மழையில் போய்க் கூடையை வாங்கிக் கீழே வைத்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் ஒரு தொழிலாளியின் தலைச்சுமையைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

நனைந்த சட்டையோடு அவர் உள்ளே வந்ததும் எனக்குள் இருந்த கோமாளி மறுபடி விழித்துக்கொண்டான். சர்வரின் கடிகாரம் என் கையில் இருக்கிறது. அதைக் காலை நேரத்துக்குத் திருப்பி வைத்து, மூன்று வண்டிகளையும் முறையாக வந்தது போலப் பதிந்து, சீட்டு அடித்து, பிறகு கடிகாரத்தைச் சரியாக்கிவிட்டால் யாருக்குத் தெரியும்? சொன்னேன். குரலைத் தாழ்த்தி, சினிமாவில் பாங்குக் கொள்ளைக்குத் திட்டம் போடுகிறவன் மாதிரி சொன்னேன். அவர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார்.

"அத பின்னால திருப்பி வெச்சா இன்னா இன்னா சரியாவும் பாய்?"

"உங்க வேலை தப்பிக்கும் சார்."

"அவ்ளோதானா?" என்றார். பிறகு, "வுடு. அது பாவம், இப்பதான் சரியான தேதிக்கு வந்திருக்குது" என்றார்.

அந்தத் தந்திரம் பலித்திருக்காது என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. அனுமதி எண்ணோடு சென்னை தன் மணியையும் தேதியையும் சேர்த்துத்தான் அனுப்பும். இருவரும் சேர்ந்து மாட்டியிருப்போம். அவர் மறுத்தபோது அவருக்கும் அது தெரியாது, எனக்கும் தெரியாது.

மரக்காணம் கடைத்தெருவில் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவரிடம் புதுப் பேட்டரி வாங்கி வந்து மாட்டினேன். பழையதை ஜன்னல் வழியே எறியக் கையை ஓங்கியபோது மேனேஜர் உள்ளங்கையை நீட்டினார். "அத இங்க குடு." கொடுத்தேன். விரலால் பச்சையைத் தேய்த்துப் பார்த்தார், போகவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நான் எழுதிய அறிக்கையில் உப்புக் காற்றால் பேட்டரி அரித்துப்போனது என்பதோடு நிறுத்தியிருந்தேன். ப்ளக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் சர்வரை அணைத்தது யார் என்று கேட்டபோது, கேள்வி முடியும் முன்பே அவர் "நான்தான்" என்றார். சீட்டு இல்லாமல் வண்டியை அனுப்பியது யார் என்றார்கள். அதற்கும் அதே பதில், அதே குரல். தீபாவளிக்கு முன்பே அவரைப் போகச் சொல்லிவிட்டார்கள். போகிற அன்று கேட்டில் அக்கா நின்றிருந்தார். கட்டிப்பிடித்து அழுதார் என்று எழுத ஆசைதான். அவர் சொன்னது இவ்வளவுதான்: "நீங்க அமத்தாம இருந்திருந்தா என் உப்பு முழுசாப் போயிருக்கும் சார்." மேனேஜர், "ஆமாம்மா" என்றார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார். எடை மேடையைக் கடக்கும்போது அதன் மேல் ஏறாமல் சுற்றிப் போனார். அடுத்த பருவத்தில் அக்கா குத்தகை எடுக்கவில்லை. மறுபடி பிறர் பாத்தியில் கூலிக்கு இறங்கியிருந்தார்.

அதன் பிறகு ஒரே ஒரு முறை மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். பெருமுக்கல் பக்கம் ஒரு கிராமத்தில், மலை தெரிகிற வீடு. இளைத்திருந்தார். உட்கார்ந்து பேசும்போதே மூச்சு வாங்கியது. மலைக்கு முதுகு காட்டித்தான் நாற்காலி போட்டிருந்தார். சர்வர் எப்படி இருக்கிறது என்று கேட்டார், உறவுக்காரரை விசாரிப்பது போல. அதை எடுத்துவிட்டார்கள், இப்போது எல்லாம் எங்கோ தூரத்தில் வாடகை மெஷினில் ஓடுகிறது, எந்த ஊரில் என்று எனக்கே தெரியாது என்றேன்.

"அப்ப ஆயுத பூஜைக்கு எதுக்குப் பொட்டு வெக்கிறாங்க?"

"கீபோர்டுக்கு சார்."

"அது இன்னா வேல செய்யுது, அடிதான் வாங்குது" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நான் சிரித்து முடிக்கக் காத்திருந்தார்.

அவர் இறந்த செய்தி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. நான் போனபோது காரியமெல்லாம் முடிந்து, மகன் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தான். கூடத்தில் அம்மாவின் படம், பக்கத்தில் புதிதாக அப்பாவின் படம். மகன் உள்ளே போய் இந்தச் சிமிழைக் கொண்டு வந்தான். அம்மாவுடையது என்றான்.

"அம்மா படத்துக்குக் கீழயே வெச்சிருப்பாரு சார். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு இதுக்குத்தான் பொட்டு. வூட்ல வேற ஒரு சாமானையும் எடுத்து வெக்க மாட்டாரு. நாங்க கேட்டா, பாயக் கேளுங்கன்னுவாரு. இன்னா சார் இது?"

வாழ்நாளில் முதல் தடவையாக எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. "கடிகாரம்" என்றேன்.

"ஓடுமா?"

"ஓடாது. நின்ன எடத்துலயே நிக்கும்."

அவன் படத்தைப் பார்த்தான், சிமிழைப் பார்த்தான். "நீங்களே எடுத்துக்கங்க" என்று என் கையில் வைத்தான்.

இப்போது எந்த சர்வர் எங்கே படுத்தாலும் நான் முதலில் பார்ப்பது தேதியைத்தான். வீட்டிலிருந்தபடியே பார்க்கிறேன், மரக்காணம் யார்டிலிருந்து புது மேனேஜர் போனில், "பாய், வண்டி நிக்குது" என்கிறார். இளைஞர், அவசரக்காரர். பத்து நிமிஷம் என்று நான் சொல்வதில்லை. தெரியவில்லை, பார்க்கிறேன் என்கிறேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. தேதி எப்போதும் சரியாகவே இருக்கிறது. சரியாக இருப்பதைப் பார்க்கும்போது, சொன்னால் சிரிப்பீர்கள், சில நாள் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருக்கும்.

போன பெருநாளுக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது என் மனைவி இழுப்பறையைக் கவிழ்த்துவிட்டு, சிமிழைத் திறந்து, ஈரத் துணியோடு நின்றாள். "இந்தச் செவப்ப தொடச்சி வெச்சிடவா?" என்றாள். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்பாள், இந்தத் தடவை எந்தப் பொய்யைச் சொல்வது என்று தேடிக்கொண்டிருந்தேன். அவள் கேட்கவில்லை. பேட்டரியை ஒருமுறை காதருகே வைத்துப் பார்த்துவிட்டு, பொட்டு மேலே இருக்கும்படி படுக்க வைத்து மூடினாள்.